மறதியா, நோயா? அல்சைமரை வைத்தியர் கண்டறியும் விதம்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியிலே சிறிது தூரம் சென்றதும் அலுவிகாரை என்னும் பழம்பெரும் குகைக் கோயில் கண்ணுக்குப் புலனாகின்றது. கி.மு. முதலாம் நூற்றாண்டிலே, வட்டகாமணி அபயன் என்னும் மன்னன் காலத்திலே, பௌத்த பிக்குகள் திரிபிடகத்தை முதன்முதலாக ஏட்டிலே எழுதிவைத்த இடம் இதுவென்பது மரபு. அதுகாறும் அது முழுவதும் நாவிலும் நினைவிலுமே வாழ்ந்து வந்தது. குரு ஓத, சீடன் கேட்டு மனத்திலே பதித்துக்கொண்டான். போரும் பஞ்சமும் நாட்டை வாட்டியபோது, ஓதுவோர் மாண்டால் ஓதியதும் மாண்டுபோகுமே என்ற அச்சம் பிறந்தது. அப்போதுதான் ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வந்தன.

மனித ஞாபகம் எத்துணை ஆற்றல் வாய்ந்தது, அதே வேளையில் எத்துணை நொய்ந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. அந்த மலையடிவாரத்தை நினைவிலே கொண்டு, நம் வீட்டு முதியோரின் ஞாபகத்தைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

வயதின் குற்றமா?

ரத்தோட்டைப் பக்கத்திலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ஒரு லயத்திலே 72 வயது மூதாட்டி ஒருவர் வாழ்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இவர் நம் கற்பனைப் பாத்திரமே. ஆயினும் இவரைப் போன்றோர் நம் அயலிலே இல்லாமலில்லை. நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். பள்ளிக்கூடத்தின் வாசலை மிதித்தவரல்லர். எனினும், நாள்தோறும் தாம் பறித்த கொழுந்தின் நிறை எவ்வளவு என்பதை மாதம் முழுவதும் மனத்திலேயே வைத்திருந்து, சம்பள நாளிலே கணக்கு ஒப்பிட்டவர்.

இரண்டு ஆண்டுகளாக அவரிடத்திலே சில மாற்றங்கள். குழம்பிலே உப்பு இரண்டு முறை விழுகின்றது; அல்லது விழுவதேயில்லை. கேட்ட கேள்வியைப் பத்து நிமிடத்துக்குள் மறுபடியும் கேட்கிறார். ஒருநாள் விடியற்கால இருட்டிலே எழுந்து, பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று கூடையைத் தேடினார். அவர் வேலையிலிருந்து நின்று பல ஆண்டுகளாகின்றன.

"வயசு போனால் எல்லாருக்கும் இப்படித்தானே!" என்கிறான் மகன்.

"இல்லைங்க, அத்தை முந்தி இப்படி இல்லை," என்கிறாள் மருமகள்.

யாழ்ப்பாணத்திலேயானால் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்ற ஒரு சொல்லோடு கதையை முடித்துவிடுவார்கள். இந்த வீட்டிலோ கதை இன்னும் முடியவில்லை. மகன் சொல்வது சரியா, மருமகள் சொல்வது சரியா? இந்த வினாவுக்கு விடை காண்பதே வைத்தியரின் வேலை.

முதுமையிலே ஞாபகம் சிறிது மந்தமாவது இயற்கை. தெரிந்தவர் பெயர் நாவிலே வராமல் நின்று, மாலையிலே தானாக வருவதுண்டு. சந்தைக்குப் போய் ஒரு சாமானை மறந்து வருவது வயதின் குணம். சந்தைக்குப் போய் வந்ததையே மறந்து, மறுபடியும் பையை எடுத்துக்கொண்டு புறப்படுவது வேறு. அறிவு தேய்ந்து, அன்றாடக் காரியங்களைத் தாமாக நடத்த இயலாத நிலை வந்துவிடுமாயின் அதனை வைத்தியர்கள் டிமென்ஷியா என்கிறார்கள். காய்ச்சல் என்பது போல இதுவும் ஒரு பொதுப் பெயரே. காய்ச்சலுக்குப் பல காரணங்கள் இருப்பது போல இதற்கும் உண்டு. அவற்றுள் முதன்மையானது அல்சைமர் நோய். டிமென்ஷியா கண்டவர்களுள் 60 முதல் 70 வீதமானோருக்கு இந்நோய் காரணமாகலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பு. 2021ஆம் ஆண்டிலே உலகெங்கும் ஐந்தரைக் கோடிக்கு மேற்பட்டோர் டிமென்ஷியாவுடன் வாழ்ந்தனர் என்றும் அந்நிறுவனம் கணித்தது. இலங்கையிலே 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி 60 வயதைக் கடந்தோர் 12.4 வீதம். முதியோர் பெருகும் நாட்டிலே இந்நோயும் பெருகும் அல்லவா?

பிராங்பேர்ட் நகரத்துப் பெண்மணி

1901ஆம் ஆண்டு நவம்பர் மாதம். ஜெர்மனியிலே பிராங்பேர்ட் நகரத்து மனநோய் வைத்தியசாலையில் 51 வயதுப் பெண்மணி ஒருவர் சேர்க்கப்பட்டார். அவுகுஸ்தே என்பது அவர் பெயர். கணவன்மேல் காரணமற்ற சந்தேகம், சமையலிலே தடுமாற்றம், பொருள்களை எங்கெங்கோ ஒளித்துவைத்தல் என இவ்வாறு தொடங்கிய நோய் அவரை அங்கே கொண்டு வந்து சேர்த்தது. அலொயிஸ் அல்சைமர் என்னும் வைத்தியர் அவர் அருகிலே அமர்ந்தார். பொருள்களைக் காட்டிப் பெயர் கேட்டார். பெயரை எழுதச் சொன்னார். அந்தப் பெண்மணியால் எழுதி முடிக்க இயலவில்லை. மதிய உணவிலே அவர் பூக்கோவாவும் இறைச்சியும் உண்டுகொண்டிருந்தபோது, என்ன உண்கிறீர்கள் என்று கேட்டார். கீரை என்று விடை வந்தது. வினாவையும் விடையையும் அல்சைமர் ஒன்று விடாமல் குறித்துவைத்தார்.

1906ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே அவுகுஸ்தே இறந்தார். அவருடைய மூளையை அல்சைமர் நுண்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார். மூளை சுருங்கியிருந்தது. நரம்பணுக்களுக்கு வெளியே ஒருவகைப் படிவுகளும், அணுக்களுக்குள்ளே முறுக்கிய நூற்சிக்கல்களும் தென்பட்டன. அவ்வாண்டு நவம்பரிலே டியூபிங்கன் நகரத்து மகாநாடு ஒன்றில் அவர் இதனை எடுத்துரைத்தார். 1910ஆம் ஆண்டிலே கிரேப்பலின் என்னும் பேராசிரியர் தமது பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார். அந்தப் படிவுகள் அமிலோயிட் என்னும் புரதத்தாலும், சிக்கல்கள் டௌ என்னும் புரதத்தாலும் ஆனவை என்பதை விஞ்ஞானிகள் பின்னர் கண்டறிந்தார்கள்.

அக்காலத்திலே நோயை ஐயமற உறுதி செய்வதற்கு நோயாளி இறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று உயிரோடிருக்கும்போதே பெரும்பாலும் கண்டறிய முடிகின்றது. ஆனால் ஒன்று: அல்சைமர் செய்த அந்த முதற் காரியம், அருகே அமர்ந்து கேட்டு எழுதிக்கொள்ளும் அந்தக் காரியம், இன்றும் முதற் காரியமாகவே இருக்கின்றது.

முதற் கருவி செவியே

நம் மூதாட்டியை மகனும் மருமகளும் வைத்தியரிடம் அழைத்துச் செல்கிறார்கள். தோட்டத்து வைத்திய நிலையம் முதற்படி. அங்கிருந்து மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலை. தேவையாயின் ஏறத்தாழ 26 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கண்டிக்கோ, அதற்கப்பால் பேராதனைக்கோ வைத்தியர் கடிதம் கொடுத்து அனுப்பலாம். அரசாங்க வைத்தியசாலையிலே வைத்தியம் இலவசம். ஆனால் நாட்கூலிக்காரருக்கு ஒருநாள் வேலை போனால் ஒருநாட் சம்பளம் போயிற்று. ஆதலால் போகும் பயணம் வீண்போகாதிருக்க வேண்டும்.

வைத்தியர் முதலிலே இயந்திரம் எதனையும் தொடுவதில்லை. கதையைக் கேட்கிறார். எப்போது தொடங்கியது? மெல்ல மெல்ல வந்ததா, ஒரே நாளில் வந்ததா? படிப்படியாகத் தேய்கின்றதா, திடீரென்று ஒரு படி இறங்கிச் சில காலம் நின்று மறுபடியும் இறங்குகின்றதா? இந்த வினாக்கள் ஒவ்வொன்றுக்கும் பொருளுண்டு.

நாளாவட்டத்திலே, வீட்டாரே தொடக்கத்தைச் சொல்ல இயலாதவாறு மெல்ல வந்து, புதிய செய்திகளை முதலிலே அழிப்பது அல்சைமரின் வழக்கம். மூளையின் உட்பக்கத்திலே கடற்குதிரை வடிவமான ஓர் உறுப்பு இருக்கின்றது. புதிய நினைவுகளைப் பதிப்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு. நோய் பெரும்பாலும் அதனையும் அதன் அயலையுமே முதலிலே தாக்குகின்றது. ஆதலால், ஐம்பது ஆண்டுக்கு முந்திய கல்யாணத்தை விவரமாகச் சொல்லும் முதியவர் நேற்று யார் வந்தார் என்பதைச் சொல்ல மாட்டார். 'பழையதெல்லாம் நன்றாக நினைவிருக்கிறதே, நோய் எப்படி இருக்கும்?' என்று வீட்டார் ஏமாறுவது இங்கேதான்.

படிப்படியாக இறங்குவது, மூளையின் இரத்தக் குழாய்கள் அடைபடுவதைச் சுட்டலாம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு இந்த வகை வருவதுண்டு. இல்லாத மனிதரைக் கண்முன்னே காண்பதும், ஒருநாள் தெளிவும் மறுநாள் குழப்பமுமாக இருப்பதும், உடல் விறைத்து நடை தளர்வதும் சேர்ந்தால் அது லெவி உடல் நோய் என்னும் வேறொரு நோயாகலாம். ஞாபகம் கெடுமுன்னரே குணம் மாறி, வெட்கமும் இரக்கமும் போய்விடுமாயின் மூளையின் முன்பக்கத்து நோயை வைத்தியர் சந்தேகிப்பார்.

நோயாளியிடம் கேட்பதோடு நில்லாமல், உடன் வாழ்பவரைத் தனியே அழைத்தும் வைத்தியர் விசாரிப்பார். நோயாளி தம் குறையைத் தாமே அறியாதிருத்தல் இந்நோயின் இயல்பு. மூதாட்டி தாமே சமைப்பதாகச் சொல்வார். மருமகள்தான் உண்மையை அறிவாள். ஆனால் மூதாட்டியின் முன்னிலையில் அவள் அதைச் சொல்லக் கூசுவாள்.

வேடமிட்டு வரும் நோய்கள்

இனி, வைத்தியரின் மிக முக்கியமான கடமை ஒன்று வருகின்றது. அல்சைமர் போலவே வேடமிட்டு வரும் வேறு நோய்கள் பல. அவற்றுட் சிலவற்றைக் குணப்படுத்தலாம். அவற்றை ஒவ்வொன்றாக விலக்காமல் அல்சைமர் என்ற பெயரைச் சூட்டுவது அநீதியாகும்.

இரண்டு மூன்று நாளிலே திடீரென்று புத்தி தடுமாறுமாயின் அது பெரும்பாலும் அல்சைமரன்று. சிறுநீரிலே கிருமி, நுரையீரலிலே சளிக்காய்ச்சல், உடலிலே நீர் வற்றுதல் ஆகியவை முதியவரின் மூளையைக் கலக்கிவிடும். இது அவசர நிலை. அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மூல நோய் தணிந்தால் குழப்பமும் பெரும்பாலும் தணியும்.

மனச்சோர்வு மற்றொரு வேடதாரி. துணைவரை இழந்தவர், பிள்ளைகள் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்ட வீட்டிலே தனித்திருப்பவர், எதிலும் மனம் பற்றாமல், கேட்டதற்கெல்லாம் 'எனக்குத் தெரியாது' என்று சொல்வதுண்டு. ஞாபகம் அழிந்துவிட்டது போலத் தோன்றும். உண்மையிலே அழிந்தது உற்சாகமே.

மருந்துகளும் குற்றவாளியாகலாம். தூக்க மாத்திரை, அரிப்புக்கும் தும்மலுக்கும் தரும் சில மாத்திரைகள், சிறுநீர் அடிக்கடி வருவதைத் தடுக்கும் சில மருந்துகள் ஆகியவை முதியவரின் நினைவை மங்கச் செய்யும். ஆதலால் வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும், கடையிலே தாமாக வாங்கியவை உட்பட, ஒரு பையிலே இட்டு எடுத்துச் செல்வது நன்று. நீண்டகால மதுப்பழக்கத்தையும் மறைத்தலாகாது. காது மந்தமானவரும் கண்ணிலே புரை விழுந்தவரும் கேள்வி கேளாமலும் படம் தெரியாமலும் தவறான விடை தருவதுண்டு. காதையும் கண்ணையும் முதலிலே சோதித்துக்கொள்வது எளிது.

பிறகு இரத்தப் பரிசோதனை. இரத்தச் சோகை, சர்க்கரை, உப்புச் சத்துக்கள், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றோடு இரண்டினைச் சிறப்பாகப் பார்க்கிறார்கள். ஒன்று தைரோயிட் சுரப்பி. அது மந்தமானால் உடலோடு சிந்தையும் மந்தமாகும். மற்றொன்று பி12 என்னும் விற்றமின். இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியன அரிதாகவே கிடைக்கும் உணவை உண்பவர்க்கும், நீரிழிவுக்கு மெட்போமின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்பவர்க்கும் இது குறையக்கூடும். இரண்டுக்கும் பரிகாரம் உண்டு.

எழுதத் தெரியாதவருக்குப் பரீட்சை

இதன்பின் வருவது ஞாபகப் பரீட்சை. 1975ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் போல்ஸ்டீன் என்பவரும் துணைவரும் வெளியிட்ட வினாத்தாள் உலகெங்கும் வழங்குகின்றது. மொத்தம் 30 புள்ளிகள். இன்று என்ன திகதி? இது எந்த ஊர்? மூன்று சொற்களைச் சொல்லிச் சிறிது நேரம் கழித்துக் கேட்டல். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தல். ஒரு வாக்கியம் எழுதுதல். 'கண்ணை மூடுக' என்று எழுதியிருப்பதைப் படித்து அவ்வாறே செய்தல். ஒரு வடிவத்தைப் பார்த்து வரைதல். 24 புள்ளிக்குக் குறைந்தால் ஐயத்துக்கு இடமுண்டு என்பது பொது விதி. கடிகார முகத்தை வரையச் சொல்வதும், ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயரைச் சொல்ல முடியும் என்று கேட்பதும் வேறு பரீட்சைகள்.

நம் மூதாட்டியை இந்தப் பரீட்சைக்கு உட்படுத்தினால் என்னவாகும்? எழுதவும் படிக்கவும் அவர் என்றுமே கற்றவரல்லர். பென்சிலைப் பிடித்தறியாத கை கோணங்களை எவ்வாறு வரையும்? இங்கிலீஷ் மாதத் திகதியை அவர் ஒருநாளும் எண்ணி வாழ்ந்ததில்லை. தைப்பொங்கல், மாசி மகத்திலே மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்கள், தீபாவளி, சம்பள நாள் ஆகியவையே அவருடைய பஞ்சாங்கம். நோயே இல்லாத காலத்திலும் அவர் இந்தப் பரீட்சையிலே தோற்றிருப்பார். அது கல்வியின் குறையேயன்றி மூளையின் குறையன்று.

இச்சிக்கலை உணர்ந்து, வட இந்தியாவின் பல்லப்கர் கிராமங்களிலே ஆராய்ந்தோர் 1995ஆம் ஆண்டில் எழுத்தறியாத முதியோருக்கென்றே இந்தியில் ஒரு வினாத்தாளை வெளியிட்டனர். எழுத்தைப் படித்துக் கண்ணை மூடுவதற்குப் பதிலாக, 'என் முகத்தைப் பார்த்து நான் செய்வது போலச் செய்யுங்கள்' என்று கேட்டனர். வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாக வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லச் சொன்னார்கள். இலங்கையிலும் போல்ஸ்டீன் வினாத்தாளின் சிங்கள வடிவம் ஒன்றைச் சோதித்து 2002இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு வெளியான ராகமை ஆய்விலே, 65 வயதைக் கடந்த 703 பேரைப் பார்த்ததில் நூற்றுக்கு நால்வர் அளவில் டிமென்ஷியா காணப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர்க்குக் காரணம் அல்சைமர்.

வைத்தியர் சிங்களமும் நோயாளி தமிழும் பேசும் இடத்திலே மகனோ மகளோ மொழிபெயர்க்க நேரும். அப்போது ஒரு சிறு எச்சரிக்கை. தாயின்மேல் உள்ள பாசத்தால், "சொல்லுங்கம்மா, வெள்ளிக்கிழமைதானே!" என்று விடையை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். தாய் வெட்கப்படலாகாதென்பதே நம் எண்ணம். ஆனால் அந்த உதவியால் பரீட்சையே பொய்யாகிவிடுகின்றது. கேட்டதை மட்டும் மொழிபெயர்த்து, சொன்னதை மட்டும் திருப்பிச் சொல்வதே அங்கே மெய்யான உதவி.

ஒரே ஊரில் இரு கணக்கு

பாசம் நோயை மறைக்கும் என்பதற்குத் தமிழகத்திலேயே ஓர் அரிய சான்று உண்டு. மலையகத்து மக்களிற் பெரும்பாலோரின் முன்னோர் கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வழியாக நடந்து வந்தவர்கள். அவர்கள் விட்டுவந்த தமிழ்நாட்டிலே, வேலூரை அடுத்த கிராமப்புறத்தில் நடந்த ஆராய்ச்சியைப் பற்றியது இது.

1998ஆம் ஆண்டிலே கொச்சி நகரத்திலே பல நாட்டு நிபுணர்கள் கூடி '10/66' என்ற பெயரால் ஒரு குழுவை அமைத்தனர். டிமென்ஷியா கண்டவர்களுள் 66 வீதமானோர் வளர்முக நாடுகளிலே இருக்க, ஆராய்ச்சியிலே 10 வீதமோ அதற்குங் குறைவோதான் அவர்களைப் பற்றியது என்ற குறையைச் சுட்டுவதே அந்தப் பெயர். சென்னையிலும் வேலூர்க் கிராமப்புறத்திலும் வேறு பல நாடுகளிலும் 65 வயதைக் கடந்தோரை வீடு வீடாகச் சென்று பார்த்தார்கள். முடிவுகள் 2008ஆம் ஆண்டிலே வெளியாயின.

வேலூர்க் கிராமப்புறத்திலே அமெரிக்க மனநோய் நிபுணர்களின் வழக்கமான அளவுகோலைக் கொண்டு எண்ணியபோது ஆயிரத்துக்கு மூவருக்கே டிமென்ஷியா என்று கணக்கு வந்தது. பல பண்பாடுகளுக்கும் கல்வியற்றோர்க்கும் பொருந்துமாறு அக்குழு தானே வகுத்த அளவுகோலைக் கொண்டு எண்ணியபோது நூற்றுக்குப் பத்துப்பேர் அளவில் வந்தது! அதே ஊர், அதே முதியோர். எந்தக் கணக்கு முற்றும் சரி என்பதில் வாதப் பிரதிவாதங்கள் உண்டு. ஆயினும் இடைவெளிக்கு ஆராய்ச்சியாளர் காட்டிய காரணங்களுள் ஒன்று நம் நெஞ்சைத் தொடுவது. பழைய அளவுகோலின்படி, மறதியால் அன்றாட வாழ்வு கெட்டிருக்கிறதென்று வீட்டார் சொல்ல வேண்டும். அந்த வீட்டாரோ அப்படிச் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? நம் வீடுகளை நினைத்துப் பார்த்தால் விடை விளங்கும். வயது முதிர்ந்ததும் சமையலை மருமகள் ஏற்றுக்கொள்கிறாள். பணத்தை மகன் பார்க்கிறான். கடைக்குப் பேரன் ஓடுகிறான். 'நீங்கள் சும்மா இருங்கள்' என்பதே நாம் முதியோருக்குக் காட்டும் மரியாதை. வேலை செய்யாதவர் வேலையிலே தவறுவதில்லை. தவறாதவருக்கு நோயிருப்பது தெரிவதுமில்லை. நம் மூதாட்டியின் மகன் பொய் சொல்லவில்லை. தாயின்மேல் அவன் வைத்த அன்பே தாயின் நோயை அவன் கண்ணிலிருந்து மறைத்தது.

ஆதலின் தேர்ந்த வைத்தியர், 'சமைக்கிறாரா?' என்று மட்டும் கேட்டு நிறுத்துவதில்லை. 'முன்னே சமைத்தாரா? எப்போது நிறுத்தினார்? ஏன் நிறுத்தினார்?' என்று தொடர்ந்து கேட்கிறார். 'மாசித் தேருக்குப் போனீர்களா? யாரோடு போனீர்கள்? எதிலே திரும்பி வந்தீர்கள்?' என்று கேட்டுவிட்டு, அதே வினாக்களை மருமகளிடம் தனியே கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறார். எழுத்தறியாத ஒருவரை அவருடைய முன்னைய நிலையோடு ஒப்பிட வேண்டுமேயன்றிப் படித்த பிறரோடு ஒப்பிடலாகாது.

மூளையின் படமும் புதிய பரிசோதனைகளும்

அடுத்து, தேவைக்கேற்ப மூளையைப் படம் பிடிக்கிறார்கள். சி.டி. ஸ்கான், எம்.ஆர்.ஐ. என்பவை அவை. 'ஸ்கான் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும்' என்று பலர் எண்ணுகிறார்கள். அவ்வாறன்று. படம் முதலிலே விலக்க வேண்டியவற்றை விலக்குகின்றது. மழையிலே வழுக்கும் தோட்டத்துப் படிகளிலே விழுந்தவருக்குச் சில வாரங்களின் பின் மண்டையோட்டின் உட்பக்கம் இரத்தம் தேங்கியிருக்கலாம். அதனைச் சத்திர சிகிச்சையால் அகற்றலாம். கட்டி இருக்கலாம். மூளையின் அறைகளிலே நீர் தேங்கி, நடை தடுமாறி, சிறுநீர் அடங்காமல், நினைவும் மங்கலாம். தகுந்தவர்களுக்கு நீரை வடியச் செய்யும் சிகிச்சை உண்டு. இவை ஒன்றுமில்லாமல், கடற்குதிரை வடிவ உறுப்பின் பக்கம் சுருங்கியிருக்குமாயின், கேட்ட கதைக்கு அது மேலும் ஓர் ஆதாரமாகும்.

நோயின் புரதங்களையே நேரிற் காணும் வழிகளும் இன்று உண்டு. முதுகந்தண்டு நீரை எடுத்து அமிலோயிடையும் டௌவையும் அளக்கலாம். பெட் ஸ்கான் என்னும் படத்திலே அமிலோயிட் படிவு ஒளிர்வதைப் பார்க்கலாம். 2025ஆம் ஆண்டு மே மாதத்திலே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அல்சைமருக்கான இரத்தப் பரிசோதனை ஒன்றினை முதன்முதலாக அனுமதித்தது. 55 வயதுக்கு மேற்பட்டு, நோய்க்குறி தோன்றியவர்களைச் சிறப்பு வைத்தியர் ஆராயும்போது துணையாகக் கொள்வதற்கே அந்த அனுமதி. குறியேதும் இல்லாதவர் ஆரூடம் பார்ப்பது போல எடுத்துப் பார்ப்பதற்கன்று. அமிலோயிட் படிவு இருந்தும் அறிவு தெளிவாக உள்ள முதியோரும் இருக்கிறார்களாதலின், எந்தப் பரிசோதனையையும் மனிதரின் கதையோடு சேர்த்தே படிக்க வேண்டியிருக்கின்றது.

பெயர் சூட்டும் வேளை

நம் மூதாட்டிக்கு என்ன முடிவாயிற்று? பி12 குறைவாயிருந்தது, ஊசி போட்டார்கள். இரவிலே தூங்குவதற்குக் கடையில் வாங்கிய மாத்திரையை நிறுத்தச் செய்தார்கள். ஒரு மாதத்திலே முகம் தெளிந்தது. பேச்சிலே கலகலப்பு வந்தது. "பார்த்தாயா, அம்மாவுக்கு ஒன்றுமில்லை!" என்றான் மகன். ஆனால் ஆறு மாதங்கழித்து வைத்தியர் மறுபடியும் பார்த்தபோது, புதிய சொற்கள் மூன்றும் சிறிது நேரத்திலே மறைந்துபோயின. மருமகள் சொன்ன கதையும் முன்னையிலும் ஒரு படி இறங்கியிருந்தது. ஸ்கானில் இரத்தக் கட்டோ கட்டியோ இல்லை. அப்போதுதான் வைத்தியர், "பெரும்பாலும் இது அல்சைமர் நோயே," என்றார். அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல் தயக்கத்தாலன்று, நேர்மையால் வந்தது.

இதனை அறிவதால் என்ன பயன், தீர்க்கும் மருந்துதான் இல்லையே என்று சிலர் கேட்பதுண்டு. முற்றாகத் தீர்க்கும் மருந்து இல்லை என்பது உண்மை. டொனெப்பெசில் முதலிய மாத்திரைகள் சிலருக்குச் சில காலம் துணை செய்கின்றன. 2023இல் லெக்கனெமாப், 2024இல் டொனனெமாப் என்னும் மருந்துகளை அமெரிக்கா அங்கீகரித்தது. தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு நோயின் வேகத்தை ஓரளவு குறைப்பனவே அவை. மூளையிலே வீக்கமும் இரத்தக் கசிவும் உண்டாகலாமாகையால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிக்க வேண்டும்.

எனினும், பெயர் தெரிந்த நாளிலிருந்து வீடே மாறுகின்றது. பத்தாம் முறை கேட்கும் கேள்விக்கு, "எத்தனை தரம் சொல்வது?" என்ற சினம் எழுவதில்லை, கேட்பது அம்மாவல்ல, நோய் என்பது விளங்குகின்றது. அடுப்புக்கும் வாசலுக்கும் காவல் வைக்கிறார்கள். வங்கிப் புத்தகம், காணி, சேமலாப நிதி ஆகியவற்றைப் பற்றி அவர் தெளிவாயிருக்கும்போதே அவருடைய விருப்பத்தைக் கேட்டு ஒழுங்கு செய்துகொள்ளலாம். பராமரிக்கும் மருமகளுக்கும் ஓய்வு வேண்டுமென்பதை மகன் உணர்கிறான். 2001இல் கொழும்பிலே தொடங்கப்பட்ட லங்கா அல்சைமர் பவுண்டேஷன் போன்ற அமைப்புக்கள் இத்தகைய குடும்பங்களுக்கு ஆலோசனை கூறி வருகின்றன.

ஒரு கொப்பி போதும்

தொடக்கத்திலே அலுவிகாரையை நினைத்தோம் அல்லவா? மனத்திலே மட்டும் இருப்பது அழிந்துவிடும் என்று கண்டு அந்தப் பிக்குகள் அதனை எழுதிவைத்தார்கள். நம் வீட்டு முதியவரிடத்திலே மாற்றம் காணும்போது நாமும் அதனைச் செய்யலாம். பாடசாலைக்குப் போகும் பேத்தியின் கையிலே ஒரு கொப்பியைக் கொடுத்தாற் போதும். என்றைக்கு என்ன நடந்தது, முன்பு எதைத் தாமாகச் செய்தார், எப்போது கைவிட்டார், எந்த மாத்திரை உட்கொள்கிறார், எப்போது விழுந்தார் என்று திகதியிட்டு எழுதிவரச் செய்யலாம். 'செவ்வாய்: அப்பாயி மூன்று தரம் தேத்தண்ணீர் கேட்டார், குடித்ததை மறந்துவிட்டார்.' இப்படி ஒரு வரியே போதுமானது.

வைத்தியரின் முன்னே அமரும் சில நிமிடங்களிலே இரண்டு ஆண்டுகளின் கதையைத் தடுமாறாமல் சொல்வது எவருக்கும் அரிது. அந்தக் கொப்பி சொல்லிவிடும். ஒருநாட் சம்பளத்தை விட்டுவிட்டு மாத்தளைக்கோ கண்டிக்கோ சென்ற பயணமும் வீண்போகாது. 'வயது போனால் அப்படித்தான்' என்று சொல்லிக் குணமாகக்கூடிய ஒன்றைக் கோட்டை விடாமலும், ஆராயாமல் 'அறளை' என்று பெயர் சூட்டி ஒரு மனிதரை மூலையிலே இருத்தாமலும் இருப்பதற்கு வீட்டிலேயே நாம் செய்யக்கூடிய முதற் காரியம் அது.